காலை எட்டு மணி ரத்தம்

புற்றுநோய்க்கான நோயெதிர்ப்பு சிகிச்சை, சிலருக்கு மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைப் பழுதாக்கிவிடுகிறது. மருந்தால் முடுக்கிவிடப்பட்ட நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டியைத் தாக்கும்போது இந்தச் சுரப்பியையும் சேர்த்துத் தாக்குகின்றன. சுரப்பி வீங்குகிறது, சிலருக்கு வீங்காமலேயே, ஓசையில்லாமல் வேலையை நிறுத்திவிடுகிறது. மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ஹைப்போஃபிசைட்டிஸ்’. தமிழில் பிட்யூட்டரி அழற்சி எனலாம். அரிதான பக்கவிளைவுதான். கண்டுபிடித்துவிட்டால் சமாளிப்பது எளிது, மாத்திரையும் விலை குறைவு. கண்டுபிடிக்காமல் விட்டால், மற்றவர்கள் இரண்டு நாளில் எழுந்து நடமாடும் ஒரு வயிற்றுப்போக்கில் இவருக்கு உயிர் போகலாம்.

இந்தச் சிகிச்சை தரப்படும் இடம் ஒன்று, விளைவு தலைகாட்டும் இடம் வேறொன்று. மருந்தை ஏற்றுவது கோவை, வேலூர், சென்னை போன்ற ஊர்களின் பெரிய மருத்துவமனைகளில். ஏற்றிக்கொண்டவர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பிவிடுகிறார். வீடு சோலூராக இருக்கலாம்: படகர் ஹட்டிகளும் தோடர் மந்துகளும் கோத்தர் ஊரும் தேயிலைத் தோட்டங்களும் கேரட், உருளைக்கிழங்கு விளையும் சரிவுகளும் கொண்ட, உதகைக்கு அப்பாலுள்ள பேரூராட்சி. அங்கிருந்து உதகை வந்து, குன்னூர் வழியாக மலையிறங்கி மேட்டுப்பாளையம் தாண்டினால்தான் கோவை. உதகையிலிருந்து மட்டும் 85 கிலோமீட்டருக்கு மேல். பிட்யூட்டரி நின்றுபோவது, கடைசி டோஸ் ஏறி வாரங்களோ மாதங்களோ கழித்து, இந்தத் தொலைவின் மறுமுனையில். அதை முதலில் பார்ப்பவர் புற்றுநோய் மருத்துவர் அல்ல; ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரோ, எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருப்பவரோ, மருந்துக்கடைக்காரரோ, பெரும்பாலும் வீட்டிலிருப்பவர்களோதான்.

மேஸ்திரி வராத நாள்

பிட்யூட்டரி ஒரு பட்டாணி அளவு. எடை ஏறத்தாழ அரை கிராம். மூக்கின் வேருக்குப் பின்னால், மண்டையோட்டின் தரையில் கிண்ணம்போல் குழிந்த எலும்புக்குள் அமர்ந்திருக்கிறது. மேலே, மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதியிலிருந்து மெல்லிய காம்பு ஒன்று இதற்கு இறங்குகிறது. உத்தரவு அந்த வழியாக வரும். பிட்யூட்டரி அதைக் கீழேயுள்ள சுரப்பிகளுக்கு ஹார்மோன்களாகப் பிரித்து அனுப்பும். தைராய்டை இயக்க ஒன்று, விதைப்பையையும் சினைப்பையையும் இயக்க இரண்டு, வளர்ச்சிக்கு ஒன்று, தாய்ப்பாலுக்கு ஒன்று. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை இயக்க ஒன்று: அதுதான் ஏசிடிஎச். இவையெல்லாம் முன்மடலின் வேலை. பின்மடல் உடலின் நீர்ச்சமநிலையைக் காக்கும் ஹார்மோனையும் பிரசவத்துக்கு உதவும் ஹார்மோனையும் வெளிவிடுகிறது. நோயெதிர்ப்பு சிகிச்சை பெரும்பாலும் முன்மடலைத்தான் கெடுக்கிறது, பின்மடல் தப்பிவிடுகிறது.

எஸ்டேட் வேலை தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. துரை சொல்வதை மேஸ்திரி வாங்கி ஆட்களைப் பிரித்துவிடுவார். மேஸ்திரி வராத நாளில் ஆட்கள் வந்திருப்பார்கள், செடியில் கொழுந்தும் இருக்கும், ஆனால் யார் எந்தக் காட்டுக்குப் போவது என்று சொல்ல ஆளிருக்காது. பிட்யூட்டரி நின்றால் அட்ரினல் அப்படித்தான் ஆகிறது. அதற்கென்று எந்த நோயும் இல்லை. உத்தரவு வராததால் கார்டிசால் சுரப்பதை நிறுத்திவிடுகிறது.

கார்டிசால் இல்லாமல் உயிர் வாழ முடியாது. ரத்த அழுத்தம் விழாமல் தாங்குவது, பட்டினி நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரையைக் காப்பது, காய்ச்சல், காயம், அறுவை சிகிச்சை போன்ற நெருக்கடிகளை உடல் எதிர்கொள்ளச் செய்வது எல்லாம் அதன் வேலை. ஆரோக்கியமான உடலில் அதிகாலையில் ஏறத் தொடங்கிக் காலை எட்டு மணியளவில் உச்சத்தில் நிற்கும். நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். நோய்க்காலத்தில் உடல் தானாகவே பல மடங்கு கூட்டிச் சுரக்கும். பிட்யூட்டரி பழுதானவருக்கு இந்தக் கடைசி வசதி இல்லை. சாதாரண நாட்களை அவர் எப்படியோ தள்ளிவிடலாம். காய்ச்சல் வரும் நாளில்தான் பள்ளம் தெரியும்.

இரண்டு பிரேக்குகள்

நீலகிரியில் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு எஞ்சினைவிடப் பிரேக்தான் முக்கியம். நோயெதிர்ப்பு மண்டலமும் அதேபோல்தான். டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் நோய்க்கிருமியைக் கொல்லக் கூடியவை. எல்லை மீறினால் சொந்த உடலையே தின்னக் கூடியவை. அதைத் தடுக்க அவற்றின் மேற்பரப்பிலேயே பிரேக்குகள் இருக்கின்றன. சிடிஎல்ஏ-4 என்ற மூலக்கூறு 1987-ல் பிரான்சில் அடையாளம் காணப்பட்டது. பிடி-1 என்ற இன்னொன்றை ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் குழு 1992-ல் அறிவித்தது. சிடிஎல்ஏ-4 ஒரு பிரேக் என்றும், அதைத் தளர்த்தினால் எலிகளின் கட்டிகள் கரைகின்றன என்றும் 1996-ல் காட்டியவர் அமெரிக்கரான ஜேம்ஸ் ஆலிசன். இருவரும் 2018-ல் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சிடிஎல்ஏ-4 பிரேக்கைத் தளர்த்தும் இபிலிமுமாப், 2011-ல் அமெரிக்காவில் தோல் புற்றுநோயான மெலனோமாவுக்கு அனுமதி பெற்றது. பிடி-1 பிரேக்கைத் தளர்த்தும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014-ல் வந்தன. பிறகு இவற்றின் பயன்பாடு நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், வாய், தொண்டை, இரைப்பைப் புற்றுநோய்களுக்குப் பரவியது. கீமோவைப் போல இவை கட்டியை நேராகக் கொல்வதில்லை. கொல்லக் கூடியவற்றை அவிழ்த்துவிடுகின்றன. அதனால் பக்கவிளைவுகளின் குணமும் மாறிவிடுகிறது. முடி கொட்டுவதில்லை. பதிலாக, டி செல்கள் எந்த உறுப்பைத் தவறாக எடுத்துக்கொள்கின்றனவோ அந்த உறுப்பு அழல்கிறது: தோல், குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு, கணையம், பிட்யூட்டரி.

குன்னூரின் பழைய அனுபவம்

காக்க வந்த மருத்துவம் நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சொந்த உடலின் மேலேயே திருப்பிவிடுவது நீலகிரிக்குப் புதிதல்ல. 1907-ல் குன்னூரில் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் பல பத்தாண்டுகள் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி தயாரித்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று தென்னிந்தியா முழுவதும் பயத்தோடு பேசப்பட்டது அந்த வகைத் தடுப்பூசிதான். வெறிநோய்க் கிருமியைச் செம்மறியாட்டின் மூளையில் வளர்த்து, செயலிழக்கச் செய்து, அந்த மூளைத் திசுவோடு சேர்த்தே ஊசியில் ஏற்றினார்கள். கிருமியை எதிர்க்கக் கற்றுக்கொண்ட உடல், கூடவே வந்த மூளைப் பொருளையும் எதிரியாகக் கற்றுக்கொண்டது. ஆட்டின் நரம்புறையும் மனிதனின் நரம்புறையும் ஒத்திருப்பதால், ஒரு சிறு பகுதியினருக்குச் சொந்த மூளையும் தண்டுவடமும் தாக்கப்பட்டுக் கைகால் விளங்காமல் போயிற்று. எண்ணற்றவர்களைச் சாவிலிருந்து மீட்ட மருந்து அது. அந்த ஆபத்தோடு சேர்த்தே வழங்கப்பட்டது. உலகெங்கும் இந்தப் பக்கவிளைவை ஆராய்ந்ததிலிருந்துதான் தன்னெதிர்ப்பு நோய்கள் பற்றிய அறிவின் ஒரு கிளை வளர்ந்தது. ஆய்வகத்தில் வளர்க்கும் அணுக்களிலிருந்து தடுப்பூசி தயாரிக்கும் முறை வந்த பிறகு, 2004-ன் முடிவோடு நரம்புத் திசுத் தடுப்பூசியை இந்தியா கைவிட்டது.

பிட்யூட்டரி விஷயத்திலும் தவறான அடையாளமே மூலம் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பத்ரீசியோ கத்துரெல்லியின் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு, சிடிஎல்ஏ-4 மூலக்கூறு டி செல்களில் மட்டுமல்லாமல் பிட்யூட்டரி அணுக்களிலும் இருப்பதைக் காட்டியது. அப்படியென்றால் இபிலிமுமாப் ரத்தத்தில் இறங்கியதும் நேராகப் போய் ஒட்டிக்கொள்ள அங்கே இடம் காத்திருக்கிறது. ஒட்டிய இடத்தில் ரத்தத்தின் தற்காப்புப் புரதங்கள் திரள்கின்றன, அணுக்கள் அழிகின்றன. பிடி-1 மருந்துகள் வேறு வகை எதிர்ப்பொருள்கள், இந்தப் புரதங்களை அந்த அளவுக்கு இழுப்பதில்லை. இரண்டு மருந்துகளும் ஒரே சுரப்பியை வெவ்வேறு விதமாகக் கெடுப்பதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

சத்தம் போடுவதும் போடாததும்

இபிலிமுமாப் தரும் பிட்யூட்டரி அழற்சி சத்தம் போடும். பெரும்பாலும் சிகிச்சை தொடங்கி இரண்டு, மூன்று மாதங்களுக்குள், மூன்றாவது டோஸை ஒட்டி வரும். கடுமையான தலைவலி, களைப்பு, பசியின்மை. ஸ்கேன் எடுத்தால் சுரப்பி வீங்கியிருக்கும். ஏசிடிஎச், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், பாலின ஹார்மோன்களைத் தூண்டுபவை என்று பல ஒரே நேரத்தில் சரியும். ஆண்களிடம் அதிகம் காணப்படுகிறது. மருந்தில்லாமல் தானாக வரும் பிட்யூட்டரி அழற்சி கர்ப்ப காலத்துப் பெண்களையும் பிள்ளை பெற்றவர்களையும் தேடி வருவது; இது அப்படியே எதிர்.

பிடி-1 மருந்துகளால் வருவது வேறு ஜாதி. தலைவலி இருக்காது, அல்லது சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. சுரப்பி வீங்காது, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ‘நார்மல்’ என்றே வரும். பெரும்பாலும் ஏசிடிஎச் ஒன்று மட்டும் போகும். வருவதும் தாமதமாக, பல மாதங்கள் கழித்து. சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும்.

எத்தனை பேருக்கு? 2018-ல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியான ஒரு கணக்குப்படி இபிலிமுமாப் மட்டும் பெற்றவர்களில் 3.2 விழுக்காடு, இரண்டு மருந்துகளையும் சேர்த்துப் பெற்றவர்களில் 6.4 விழுக்காடு, பிடி-1 மருந்து மட்டும் பெற்றவர்களில் 0.4 விழுக்காடு. இந்தக் கடைசி எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு நோயாளிகளின் ஹார்மோன்களைத் தொடர்ந்து அளந்து பார்த்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், இபிலிமுமாப் பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கும் பிடி-1 மருந்து பெற்றவர்களில் சுமார் 6 விழுக்காட்டினருக்கும் பிட்யூட்டரி பாதிப்பு தெரிந்தது. தேடினால் கிடைக்கிறது, தேடாதபோது தவறிவிடுகிறது என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவுக்கு இந்த வேறுபாடு முக்கியம். மெலனோமா இங்கே அரிய நோய். இபிலிமுமாப் எட்டாத விலை. ஆகவே இங்குள்ள நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பெறுவது பிடி-1 வகை மருந்துகள், அதாவது சத்தம் போடாத வகைப் பாதிப்பைத் தருபவை. மேலைநாட்டுப் பாடப்புத்தகம் வரைந்து காட்டும் தலைவலியையும் வீங்கிய சுரப்பியையும் எதிர்பார்த்துக் காத்திருந்தால் இந்திய நோயாளி கண்ணில் படவே மாட்டார்.

எண்ணிக்கையும் கூடப்போகிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் ஆகியோரின் குழு, தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேரிடம் ஒரு பரிசோதனை நடத்தியது. வழக்கமான நிவோலுமாப் டோஸ் இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். இவர்கள் மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராமை, விலை குறைந்த மூன்று மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரைகள் மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16.3 விழுக்காடு; குறைந்த டோஸ் நிவோலுமாப் சேர்த்துப் பெற்றவர்களில் 43.4 விழுக்காடு. 2023-ல் ‘ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜி’ இதழில் அச்சான இந்த முடிவு, பணமில்லாதவர்களுக்கும் இந்தச் சிகிச்சையின் கதவைக் கொஞ்சம் திறந்தது. டோஸ் குறைந்தால் பக்கவிளைவும் அதே கணக்கில் குறையும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். இபிலிமுமாப் விஷயத்தில் டோஸ் கூடக் கூட அழற்சியும் கூடுகிறது. பிடி-1 மருந்துகளில் அந்தத் தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை.

‘கேன்சர் உடம்பு அப்படித்தான் இருக்கும்’

கார்டிசால் இல்லாத உடலின் புகார்கள் எதுவும் தனித்துவமானவை அல்ல. சிக்கலே அதுதான். படுக்கையை விட்டு எழ முடியாத அசதி. வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றல். குமட்டல், எடைக் குறைவு, மூட்டு வலி, மந்தம். இந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் வீட்டில் தயாராக ஒரு பதில் இருக்கும்: கேன்சர் உடம்பு அப்படித்தான். மருத்துவமனையிலும் பல நேரம் அதே பதில்தான், சொற்கள் மட்டும் வேறு.

மலையில் இன்னொரு பதிலும் சேர்கிறது. டிசம்பர், ஜனவரியில் சோலூர்ப் பக்கத்துப் புல்வெளிகளிலும் தோட்டங்களிலும் உறைபனி வெள்ளையாகப் படியும். அந்த மாதங்களில் யாருக்குத்தான் உடம்பு மந்தமாக இல்லை, யாருக்குத்தான் கைகால் சில்லிடவில்லை? தைராய்டுக்கான உத்தரவும் நின்றுபோனவருக்குக் குளிர் மற்றவர்களைவிடத் தாங்காது. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்து, இது ஹார்மோன் என்று யாரும் நினைப்பதில்லை.

சந்தேகத்தைக் கிளப்ப வேண்டிய தடயங்கள் சில உண்டு. முதலாவது, அசதி திடீரென்று ஒரு படி இறங்குவது: கட்டி சுருங்கியிருக்கிறது, ஸ்கேன் நல்லபடி வந்திருக்கிறது, ஆனால் ஆள் மட்டும் சரிந்துகொண்டே போகிறார் என்றால் அது பொருந்தாத கணக்கு. இரண்டாவது, ரத்தத்தில் சோடியம் குறைவு. 135-க்கு மேல் இருக்க வேண்டியது 120-களில் வந்து நிற்கும். உப்பு சேர்த்துச் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிடுவதும் நடக்கிறது. கார்டிசால் இல்லாதபோது உடல் தண்ணீரை வெளியேற்ற மறுப்பதால் வரும் குறைவு இது, உப்பால் தீராது. மூன்றாவது, சர்க்கரை நோய் மருந்து எதுவும் எடுக்காதவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது. நான்காவது, எப்போதும் உள்ள ரத்த அழுத்த மாத்திரையே திடீரென்று அதிகமாகிவிடுவது.

அட்ரினலே கெட்டுப்போகும் நோயில் தோல் கறுக்கும், பொட்டாசியம் ஏறும். இங்கே இரண்டும் இராது. உப்பைக் காக்கும் மற்றொரு அட்ரினல் ஹார்மோனுக்குப் பிட்யூட்டரியின் உத்தரவு தேவையில்லை என்பதால் அது தொடர்ந்து சுரக்கிறது. பாடத்தில் படித்த கறுத்த தோலைத் தேடுபவர் இங்கேயும் ஏமாறுவார்.

எட்டு மணிக்கு ஒரு குழாய் ரத்தம்

கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. காலை எட்டு மணியளவில் எடுத்த ரத்தத்தில் கார்டிசால் அளவு, அதோடு ஏசிடிஎச். டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே கார்டிசால் இருந்தால் குறைபாடு ஏறக்குறைய உறுதி. 15-க்கு மேல் நன்றாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. இடையில் நின்றால் தூண்டல் பரிசோதனை ஒன்று தேவைப்படும். கார்டிசாலும் தாழ்ந்து, அதைப் பார்த்து ஏற வேண்டிய ஏசிடிஎச்சும் ஏறாமல் கிடந்தால் பழுது பிட்யூட்டரியில்.

சோலூரிலிருந்து பார்த்தால் இதில் சிரமமானது அந்த எட்டு மணிதான். கோவைக்குப் போய் ரத்தம் கொடுப்பதென்றால் முதல் பேருந்தைப் பிடித்தாலும் போய்ச் சேர நண்பகல் நெருங்கிவிடும். அப்போது ஆரோக்கியமானவருக்கே கார்டிசால் இறங்கியிருக்கும். எடுத்த எண்ணை எப்படிப் படிப்பதென்று தெரியாது. ஆகவே ரத்தத்தை உதகையிலேயே காலையில் எடுத்துவிட்டு, முடிவை மட்டும் கோவை மருத்துவருக்கு அனுப்புவதே பொருத்தமான வழி. உதகையில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியும் அதற்கான புதிய மருத்துவமனையும் இருக்கின்றன. இதற்காகவே முந்தைய நாள் மலையிறங்கி, லாட்ஜில் தங்கி, எட்டு மணிக்கு வரிசையில் நிற்க வைப்பது தேவையில்லாத தண்டனை.

தைராய்டுப் பரிசோதனையில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. நோயெதிர்ப்பு சிகிச்சை தைராய்டை நேராகத் தாக்குவது பிட்யூட்டரியைத் தாக்குவதைவிட மிகச் சாதாரணம். அப்போது, தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டி.எஸ்.எச். ஏறியிருக்கும். பிட்யூட்டரி கெட்டால் தைராய்டு ஹார்மோன் தாழ்ந்திருக்க, டி.எஸ்.எச்.சும் தாழ்ந்தோ, பார்வைக்கு ‘நார்மலாகவோ’ இருக்கும். டி.எஸ்.எச். மட்டும் பார்க்கும் மலிவான பேக்கேஜ் பரிசோதனை இந்த இடத்தில் ஏமாற்றிவிடும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இயல்பாகவே உச்சத்தில் இருக்க வேண்டிய எஃப்.எஸ்.எச். ஹார்மோன் தாழ்ந்திருந்தால் அதுவும் நல்ல தடயம்.

குழப்பும் விஷயம் ஸ்டீராய்டு. கீமோவோடு வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன், ஆஸ்துமாவுக்கு நெடுநாள் விழுங்கிய பிரெட்னிசோலோன், மூட்டு வலிக்கு யாரோ பொட்டலம் கட்டிக் கொடுத்த பொடி: மூன்றுமே உடலின் சொந்தக் கார்டிசாலை அமுக்கிவிடும். பரிசோதனைக்கு முன்பு இவற்றைக் கேட்டறியாமல் எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. எடுப்பது மூளைக்குப் புற்று பரவவில்லை என்று உறுதிசெய்யவும் உதவுகிறது. ஆனால் முன்பே சொன்னபடி, ஸ்கேன் நன்றாக இருப்பது பிட்யூட்டரி நன்றாக இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. நோயாளி சரிந்து கிடக்கும் நிலையில் வந்தால், ரத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆயுள் மாத்திரை

அழற்சியை அடக்க ஆரம்பத்தில் பெரிய அளவு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். குடல், நுரையீரல் அழற்சிகளில் அது பலித்தது. பிட்யூட்டரி அதனால் மீண்டு வரவில்லை. 2018-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், இபிலிமுமாப் பெற்றுப் பிட்யூட்டரி அழற்சி வந்த மெலனோமா நோயாளிகளில், பெரிய டோஸ் ஸ்டீராய்டு பெற்றவர்கள் குறைந்த டோஸ் பெற்றவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தது தெரிந்தது. தாங்க முடியாத தலைவலி அல்லது பார்வை நரம்பு அழுத்தப்படுவது போன்ற நிலைகளுக்கு மட்டும் பெரிய டோஸ் என்பதே இப்போதைய நடைமுறை. மற்றவர்களுக்கு, உடல் தானாகச் சுரந்திருக்க வேண்டிய அளவைத் திருப்பித் தருவதோடு சரி.

அந்த அளவு ஹைட்ரோகார்டிசோனில் ஒரு நாளைக்கு 15 முதல் 25 மில்லிகிராம், இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரித்து, பெரிய பங்கு காலையில். ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை. அதனால் எங்கும் கிடைக்கும் பிரெட்னிசோலோனைச் சிறு அளவில் தருவதும் இந்தியாவில் வழக்கம். ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லைக் கேட்டதும் பலர் பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். முகம் வீங்கும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும் என்பதெல்லாம் தேவைக்கு மேல் எடுப்பதால் வருபவை. இங்கே தருவது இல்லாததை ஈடுகட்டும் அளவு. கண்டுபிடித்து ஈடுகட்டிய பிறகு புற்றுநோய் மருந்தைப் பெரும்பாலும் தொடரலாம். குடல் அழற்சியைப் போல இது சிகிச்சையையே நிறுத்தவைக்கும் பக்கவிளைவு அல்ல.

தைராய்டு மாத்திரையும் தேவைப்பட்டால் வரிசை மாறக் கூடாது. முதலில் கார்டிசால், சில நாட்கள் கழித்தே தைராய்டு. தலைகீழாகக் கொடுத்தால், உடலின் வேகம் கூடி, இருக்கும் கொஞ்சநஞ்சக் கார்டிசாலும் கரைந்து நோயாளி சரிந்துவிடுவார். தைராய்டு, பாலின ஹார்மோன்களின் உத்தரவு மாதங்கள் கழித்துப் பலருக்குத் திரும்புகிறது. ஏசிடிஎச் திரும்புவது மிக அபூர்வம், மாத்திரை ஆயுளுக்கும்தான். வளர்ச்சி ஹார்மோனைப் புற்றுநோய் இருக்கும்போது ஈடுகட்டுவதில்லை.

இந்த மாத்திரைகளும் விதிகளும் இந்திய மருத்துவத்துக்கு அந்நியம் அல்ல. பிரசவத்தில் அதிக ரத்தம் போய்ப் பிட்யூட்டரி கருகும் ஷீஹன் நோய் இங்கே நன்கு தெரிந்தது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கைப் பற்றி 2005-ல் வெளியான ஆய்வு ஒன்று, 20 வயதுக்கு மேற்பட்ட, பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 3 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாகக் கணக்கிட்டது. கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்கு இதே சுரப்பி செத்துப்போவதை 1987-ல் பர்மாவிலிருந்து விரிவாக எழுதினார்கள். தென்னிந்திய வயல்களிலும் அந்தப் பாம்பு உண்டு. ஆக, ஹார்மோன் மருத்துவர்களுக்கு இது பழகிய பாதை. புற்றுநோய்ப் பிரிவிலிருந்து அவர்களிடம் நோயாளி போய்ச் சேர்வதுதான் தாமதமாகிறது.

காய்ச்சல் நாள்

மாத்திரை தொடங்கியவர் மனப்பாடம் செய்ய வேண்டிய விதிகள் கொஞ்சம்தான். ஒரு வேளையும் விடக் கூடாது. காய்ச்சல் வந்தால், குணமாகும் வரை அளவை இரண்டு அல்லது மூன்று மடங்காக்க வேண்டும். பல் பிடுங்குவதோ அறுவை சிகிச்சையோ இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடர்ந்தால் மாத்திரை உடலில் சேராது, ஊசிதான் வழி. 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் நரம்பிலோ தசையிலோ, கூடவே சலைன், தேவைப்பட்டால் குளுக்கோஸ், அடுத்த 24 மணி நேரத்துக்கு 200 மில்லிகிராம். விரதம் இருப்பவர்கள், அது படகரின் ஹெத்தை ஹப்பாவுக்கோ சபரிமலைக்கோ ரமலானுக்கோ, மருத்துவரிடம் கேட்காமல் இருக்கக் கூடாது.

அந்த ஊசி மருந்து விலை கூடியதல்ல, அரியதும் அல்ல. ஆஸ்துமாவுக்கும் அலர்ஜிக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழக்கமாக வைத்திருப்பதுதான். சரிந்து கிடக்கும் நோயாளிக்கு வேண்டியது இந்த ஊசி என்று அங்கிருப்பவருக்குத் தெரிய வேண்டும். கோவையிலிருந்து வந்த டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில், பத்துப் பக்கத்தில், பீரோவுக்குள் இருக்கும். தமிழில் நான்கு வரி எழுதிய ஓர் அட்டை சட்டைப்பையில் இருப்பது அதைவிடப் பயன்படும்: பிட்யூட்டரி செயலிழந்தவர், ஸ்டீராய்டு சார்ந்தவர், மயங்கினால், வாந்தி எடுத்தால் உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம், தொடர்பு எண். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் பணியாளர் இந்த அட்டையைப் பார்த்துவைத்திருந்தால் இன்னும் நல்லது.

மலைவாசிகளுக்குக் கூடுதலாக ஒன்று: கையிருப்பு. மழைக்காலத்தில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். அதுவும் சரிந்தால் காத்திருக்க வேண்டும். ஏப்ரல், மே சீசனில் சாலை திறந்திருந்தும் வண்டி நகராது. மாத்திரை தீர்வதற்கு முதல் நாள் கடைக்குப் போவது சமவெளியில் சரிப்படலாம். இங்கே குறைந்தது ஒரு மாத அளவு எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும், ஊசிக் குப்பி ஒன்றும். அதைத் தொடையில் போடக் கற்றுக்கொண்ட ஒருவர் வீட்டில் இருந்தால், 108 வண்டி வளைவுகளில் ஏறி வரும் நேரத்தைத் தாண்டிவிடலாம்.

பிட்யூட்டரி அழற்சி வந்தவர்களுக்குப் புற்றுநோய் சிகிச்சை கூடுதலாகப் பலிப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. நகோயா ஆய்வும் அதில் ஒன்று. டி செல்கள் உண்மையிலேயே முடுக்கப்பட்டிருக்கின்றன என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். நீண்ட நாள் வாழ்ந்தவர்களுக்கே இந்தப் பாதிப்பு வர நேரமும் கிடைக்கிறது என்பது இன்னொரு விளக்கம். எப்படியானாலும் கட்டி கரைந்து, நோயெதிர்ப்பு மருந்தும் நிறுத்தப்பட்டு, புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கோப்பை மூடிய பிறகும் இவர்களுக்குக் காலை மாத்திரை தொடர்கிறது. மருந்தை நிறுத்திய ஆறு மாதம், ஓராண்டு கழித்துப் புதிதாகப் பாதிப்பு தெரியவந்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் எப்போதாவது இந்தச் சிகிச்சை பெற்ற ஒருவர், எத்தனை மாதம் கழித்தானாலும், காரணம் தெரியாத அசதியோடு சுகாதார நிலையத்துக்கு வந்தால் அவரிடமிருந்தும் காலை எட்டு மணி ரத்தம் எடுக்கப்பட வேண்டும்.